வெண்கட்டி பிடித்தவன் காது

சிங்கராஜ வனத்தின் கிழக்கு வாசலில், நுழைவுச்சீட்டு கொடுக்கும் கொட்டகைச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருந்தது. அன்றன்று காட்டுக்குள் எந்தப் பறவை எங்கே தட்டுப்பட்டது என்று வழிகாட்டிகள் பின்னேரத்தில் வந்து சொல்வார்கள். விமலசேன வெண்கட்டியால் எழுதுவான். கண்ணால் பார்த்ததற்கு ஒரு கோடு, காதால் மட்டும் கேட்டதற்கு ஒரு வட்டம். மறுநாள் வருகிறவர்களை எந்தப் பாதையில் இறக்குவது என்பதை அந்தப் பலகைதான் தீர்மானிக்கும்.

பலகைக்கு ஒரு சட்டம் இருந்தது. இந்தத் தீவை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது என்கிற பறவைகளில் அரிதான ஒன்றைக் காதால் மட்டும் கேட்டதாக ஒருவன் வந்து சொன்னால், அவன் பேச்சு மட்டும் போதாது. சொன்னவன் காது ஒன்று, வெண்கட்டி பிடித்தவன் காது ஒன்று. இரண்டும் ஒத்துக்கொண்டால்தான் வட்டம் ஏறும். சட்டம் போட்டவனும் விமலசேன, வெண்கட்டி பிடித்தவனும் விமலசேன. பதினாறு வருடமாகப் பொய் வட்டம் ஒன்றுகூட அந்தப் பலகையில் ஏறவில்லை என்பதில் அவனுக்கு இருந்த பெருமை, விகாரைக்கு மணி வாங்கிக் கொடுத்தவனுக்குக்கூட இருக்காது.

பெருமை இருந்த இடத்திலேயே ஒரு புண்ணும் இருந்தது. அதன் பெயர் திலகசிறி.

இரண்டு பேரும் ஒரே வகுப்பில் படித்து, ஒரே வருடம் வழிகாட்டி அட்டை வாங்கியவர்கள். இரண்டு பேருக்கும் ஐம்பத்திரண்டு வயது. திலகசிறி கட்டியிருப்பது விமலசேனவின் தங்கையை. இவ்வளவு நெருக்கம் இருந்தால் அன்பு இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு உறவைப் பற்றி ஒன்றும் தெரியாது என்றுதான் அர்த்தம். தூரத்தில் இருப்பவன் தேர் ஏறினால் வேடிக்கை பார்ப்போம். மச்சான் ஒரு படி ஏறினால் வயிறு எரியும். திலகசிறிக்கு யாரோ ஒரு வெள்ளைக்காரர் புது பைனாகுலர் அனுப்பிவைத்தபோது விமலசேனவுக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. செம்முகப் பூங்குயிலின் கூட்டைத் திலகசிறி கண்டுபிடித்தபோது, “அது தானா போய் அவன் தலையில கட்டின கூடு” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தான். இப்போது வருகிற ஆட்களில் பாதிப் பேர் வாசலிலேயே, “திலகசிறி இருக்கிறாரா?” என்று கேட்கிறார்கள். கேட்பவர்களுக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது விமலசேன கையைத்தான் கிழிக்கிறான் என்று மற்ற வழிகாட்டிகள் பகடி பண்ணுவார்கள்.

ஆனால் ஒன்று மட்டும் இன்னும் அவன் கையை விட்டுப் போகவில்லை. ஒவ்வொரு மாசி மாதமும் கொழும்பிலிருந்து இலங்ககோன் நோனா தன் ஆட்களோடு வந்து பத்து நாள் பறவைக் கணக்கு எடுப்பார். எழுபது வயது தாண்டிய அந்த அம்மாள் வந்தால் மழைகூடக் கொஞ்சம் மரியாதையாகப் பெய்யும். அந்தப் பத்து நாளும் வரிசையில் முன்னால் நடக்கிறவன் ஒருவன்தான். அவன் கை காட்டினால் நிற்பார்கள், அவன் சொன்னதை எழுதுவார்கள். பதினொரு வருடமாக முன்னால் நடந்தவன் விமலசேன. இந்த வருடம் நோனா இரவில் வந்து சேர இருந்த அன்று பின்னேரம்தான் திலகசிறி கொட்டகைக்குள் வந்து, கால்சட்டையை மடித்து காலில் ஒட்டிய அட்டைகளைத் தட்டிவிட்டுக்கொண்டே சொன்னான்.

“எழுது மச்சான். செதில் பூங்குருவி. அந்துருஎலப் பள்ளம். காலையில அஞ்சே முக்கால்.”

விமலசேன திரும்பிப் பார்க்கவில்லை. “பார்த்தியா?”

“கேட்டேன்.”

“என்னத்த கேட்ட?”

“அது கத்தினத கேட்டேன். பின்ன என்ன, பிக்கு மாதிரி பனவா ஓதும்?”

பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த மற்ற வழிகாட்டிகள் சிரித்தார்கள். விமலசேனவுக்கு அந்தச் சிரிப்பு பிடரியில் விழுந்தது.

செதில் பூங்குருவி லேசில் அகப்படுகிற பறவை இல்லை. உடம்பெல்லாம் மீன் செதில் போலக் கறுப்பு விளிம்பு. இருட்டான ஓடைப் பள்ளத்தில் சருகைப் புரட்டிக்கொண்டு திரியும். விடிகிற நேரத்தில் ஊசி போன்ற மெல்லிய குரலில் சில தரம் கத்திவிட்டு நாள் முழுக்க வாயை மூடிக்கொள்ளும். இரண்டு வருடத்துக்கு முன்னால், பல நாள் பள்ளத்தில் போய் நின்று பார்த்துவிட்டு, “இந்தப் பக்கத்துல அது இல்ல, போயிருச்சு” என்று விமலசேன அதன் பெயரைப் பலகையிலிருந்து துடைத்தான். நோனாவின் கணக்கிலும் இரண்டு வருடமாகப் பூச்சியம் போட்டார்கள். அதற்குப் பிறகு திலகசிறி நாலைந்து தரம் கேட்டதாகச் சொன்னான். ஒவ்வொரு தரமும் விமலசேன கூடப் போய் நின்றான். ஒரு தரமும் ஒன்றும் கேட்கவில்லை.

“போன வாரமும் உன்கூடத்தானே நின்னேன்” என்றான் விமலசேன. “அங்க ஒரு மூச்சு பேச்சு இல்ல. நீ மட்டும் பஸ்ஸ மறிக்கிறவன் மாதிரி விரல தூக்கிட்டு நின்ன.”

“அன்னைக்கும் கத்திச்சு. நீ வாய் கூசாம இல்லைன்ன.”

“இல்லாதத இல்லைன்னுதான் சொல்லுவேன்.”

“ஓஹோ. வெண்கட்டி உன் கையில இருக்கு. நீ எழுதலைன்னா பறவை செத்துப்போச்சு, அப்படித்தானே?”

“சாகல. ஓடிருச்சு. ஏன் ஓடிச்சுன்னு கேளு. சில பேர் போன்ல அது குரல போட்டுப் போட்டு வெரட்டிட்டாங்க.”

அது பெரிய பழி. காட்டுக்குள் பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டால் வழிகாட்டி அட்டையையே பிடுங்கிவிடுவார்கள். திலகசிறி எழுந்துவிட்டான். “யார சொல்ற?”

“குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்குதே, அவனத்தான்.”

“டேய், உன் கண்ணு பட்டா பச்ச மரமும் பத்தி எரியும்டா. உன் தங்கச்சி மூஞ்சிக்காகப் பொறுத்துப் போறேன். உனக்கு அந்தப் பறவை கத்தறது நல்லா கேக்குது, எனக்குப் பேர் வந்துருமேன்னு கேக்காத மாதிரி நிக்கிற. அதானே விஷயம்?”

சீட்டு மேசையில் இருந்த வனத்துறை பீட் அதிகாரி இரேஷா பேனாவை மூடி வைத்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும் பெண்; குரலை உயர்த்தாமலே ஆட்களை உட்கார வைக்கத் தெரிந்தவள். “ரெண்டு பேரும் நாளைக்கு விடிய வாங்க. நோனாவும் இருப்பாங்க, நானும் வாறேன். பறவை இருக்கா இல்லையான்னு அங்கயே பார்ப்போம். யார் சொன்னது சரியோ அவர் இந்த வருஷம் முன்னால நடக்கட்டும். சரிதானே விமலசேன அங்கிள்?”

“சரி மிஸ்” என்றான் விமலசேன. உள்ளுக்குள் வெல்லம் கரைந்தது. இல்லாத பறவையைத் திலகசிறி எங்கேயிருந்து கொண்டுவருவான்?

அன்று பொழுது சாய்கிற நேரத்தில் வீட்டு முற்றத்தில் சோறு தின்றுகொண்டே அவன் மனைவி சோமலதாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். பலாக்காய்க் கறி நன்றாக இருந்தது. நாளைக்கு மச்சான் தலை குனியப்போகிறான் என்ற நினைப்பில் இன்னும் நன்றாக இருந்தது.

“நாசமாப் போன கொசு” என்று சோமலதா தன் காதோரம் அறைந்துகொண்டாள். “காதுக்குள்ளயே வந்து பாடுது.”

“இந்த வருஷம் எங்க கொசு இருக்கு?”

“அனே! உங்க முழங்கைய பாருங்க, எத்தன தடிப்பு. பாடிட்டுத்தானே கடிக்குது, தட்டிவிடக் கூடாதா?”

விமலசேன முழங்கையைச் சொறிந்துகொண்டான். “இப்ப வாற கொசுவெல்லாம் சத்தம் போடாம கடிக்குது. மருந்து அடிச்சு அடிச்சு அதுகளும் தந்திரம் படிச்சிருச்சு. காடே ஊமையாப் போச்சு சோமலதா. வெள்ளைக்கண்ணிக் குருவியெல்லாம் கூட்டங்கூட்டமா பறக்குது, வாயத் திறக்குறதில்ல. எல்லாம் இந்தப் புது ஹோட்டல், புது ரோட்டுனால.”

சோமலதா அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். எதையோ சொல்ல வந்தவள், சொன்னால் இன்றைக்குச் சண்டைதான் என்று நினைத்தாளோ என்னவோ, சம்பலைத் தட்டில் போட்டாள். “உங்க தங்கச்சி மத்தியானம் வந்து அழுதுட்டுப் போறா. ஏன் அவ புருஷன் மேல இவ்வளவு பொறாமை?”

“பொறாமையா? எனக்கா? அவன் மேலயா?”

மூன்று கேள்வி கேட்டான். ஒன்றுக்கும் பதில் தேவைப்படவில்லை. அவனுக்கே தெரியும். காலையில் கண் விழித்ததும் திலகசிறி எழுந்துவிட்டானா என்றுதான் முதல் நினைப்பு ஓடும். அவன் வீட்டில் விளக்கு எரிந்தால் அன்றைய தேத்தண்ணீர் கசக்கும்.

மறுநாள் விடியுமுன் நாலு பேரும் பள்ளத்தில் இறங்கினார்கள். இலங்ககோன் நோனா கையில் ஊன்றுகோல், முழங்கால் வரை அட்டைக் காலுறை. வழுக்குப் பாறைகளில் இரேஷா அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஓடைக்கு மேலே புள்ளிச்சிறகுப் பூங்குருவி ஒன்று நிதானமாக, நிறைந்த குரலில் பாடிக்கொண்டிருந்தது. அதை விமலசேன முதல் ஆளாகக் கைகாட்டினான். நோனா சிரித்துத் தலையாட்டினார். ‘பார்த்தாயா, என் காதுக்கு ஒன்றும் தப்பாது’ என்பது போல அவன் திலகசிறியைப் பார்த்தான்.

பெரிய பாறைக்குப் பின்னால் மூன்று பேரும் நிற்க, விமலசேன ஓரமாக, ஓடையின் வளைவு தெரிகிற இடத்தில் குந்தினான். அட்டைகள் அவசரமில்லாமல் ஏறிக்கொண்டிருந்தன. வானம் சாம்பல் நிறத்துக்கு வந்தது.

திலகசிறி விரலைத் தூக்கினான்.

விமலசேன காதைத் தீட்டினான். ஓடை சலசலத்தது. புள்ளிச்சிறகு பாடியது. வேறு ஒன்றும் இல்லை. அவனுக்குச் சிரிப்பு வந்தது. “எங்க? இப்பவும் எங்கடா?” என்று மெல்லக் கேட்டான். “காத்தக் காட்டி விரல தூக்கறான் பாருங்க நோனா.”

யாரும் சிரிக்கவில்லை. இரேஷாவின் கண்கள் விரிந்திருந்தன. “கேட்டுச்சு” என்றாள். “நல்லா கேட்டுச்சு. நமக்கு நேர.”

இவளையும் வளைத்துப் போட்டுவிட்டான் என்றுதான் விமலசேன முதலில் நினைத்தான். பொறாமை பிடித்தவன் மூளை அப்படித்தான் வேலை செய்யும்; உலகமே தனக்கு எதிராக ஒரே மேசையில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிப்பதாக அதற்குத் தோன்றும். கோபத்தில் தொலைநோக்கியைக் கண்ணில் வைத்து ஓடையின் அக்கரையைத் தடவினான். சருகு. வேர். பாசி படர்ந்த ஒரு கட்டை.

கட்டையின் மேல் செதில் பூங்குருவி நின்றது.

பதினைந்து முழ தூரம்கூட இல்லை. நெஞ்சின் கறுப்புப் பிறைகள் ஒவ்வொன்றாக எண்ணலாம். அது கழுத்தை நீட்டி வாயைத் திறந்தது. தொண்டை மயிர் சிலிர்த்து நடுங்கியது. அதே கணத்தில் பாறைக்குப் பின்னால் திலகசிறியின் விரல் மறுபடி எழுந்ததும் இரேஷாவின் தலை ஆடியதும் கடைக்கண்ணில் தெரிந்தன. விமலசேனவின் காதில் ஓடைத் தண்ணீர் மட்டும் ஓடியது.

பறவை மறுபடி வாயைத் திறந்தது. மறுபடி நடுங்கியது. ஒன்றும் இல்லை. கண்ணாடிக்குப் பின்னால் நின்று கத்துகிற ஆளைப் பார்ப்பது போல இருந்தது.

“கத்திச்சா?” என்று நோனா இரேஷாவிடம் கேட்டார். “எனக்கு அது கேக்காதும்மா. பன்னெண்டு வருஷமாச்சு. வயசானா மேல் சத்தம்தான் முதல்ல போகும். மத்ததெல்லாம் கேக்கும், போனதே தெரியாது. நீ கேட்டுச் சொல்லு, நான் எழுதிக்கிறேன்.” ஊன்றுகோலை மாற்றிப் பிடிப்பது போலச் சாதாரணமாகச் சொன்னார்.

விமலசேன முழங்கைத் தடிப்பைத் தடவினான். சத்தம் போடாத கொசு, வாயைத் திறக்காத வெள்ளைக்கண்ணி, ஊமையாய்ப் போன காடு. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இரண்டு வருடமாக அவன் காட்டைக் குறை சொல்லிக்கொண்டிருந்தான்.

பறவை கட்டையிலிருந்து இறங்கிச் சருகுக்குள் மறைந்தது. பாறைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அது தென்படவே இல்லை. விமலசேன தொலைநோக்கியைக் கீழே இறக்கினான். உறையில் போட்டு மூடினான்.

ஏறும்போது திலகசிறி அவன் காதருகில் வந்து, “இப்பவும் கேக்கலைன்னு சாதிப்பியா மச்சான்?” என்றான். “மிஸ்ஸே கேட்டுட்டா. இனி என்ன கதை விடப்போற?”

வழி நெடுக விமலசேன கணக்குப் போட்டான். ‘கேட்டேன்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். யாருக்கும் ஒன்றும் தெரியவராது. நேற்று வரை பொறாமையில் மறைத்தான், இன்றைக்கு ஒத்துக்கொண்டான் என்று நாலு நாள் பேசிவிட்டு விட்டுவிடுவார்கள். ஆனால் கேட்காத ஒன்றுக்கு வட்டம் போட வேண்டும். பதினாறு வருடத்தில் முதல் பொய் வட்டம் அவன் கையாலேயே ஏறும். ‘கேட்கவில்லை’ என்றால் அவன் பொறாமைக்காரன் மட்டுமல்ல, பொய்யனும்தான். பொறாமைக்காரன் என்று சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம், அது உண்மை. பொய்யன் என்பது பொய். உள்ளதை அப்படியே சொன்னால், காது போன வழிகாட்டியை யார் கூப்பிடுவார்கள்? முன்னால் நடப்பது இருக்கட்டும், பின்னால் கூட நடக்க விடமாட்டார்கள்.

கொட்டகையில் மற்ற வழிகாட்டிகள் காத்திருந்தார்கள். செய்தி எப்படித்தான் முந்திக்கொண்டு போகுமோ! இரேஷா பலகைக்குப் பக்கத்தில் நின்றாள். “சொல்லுங்க அங்கிள். சட்டம் உங்க சட்டம். திலகசிறி அங்கிள் கேட்டதா சொல்றார். வெண்கட்டி பிடிச்சவர் காதும் வேணும். கேட்டுச்சா?”

விமலசேன வெண்கட்டியை எடுத்தான். இரண்டு வருடத்துக்கு முன்னால் துடைத்த அதே இடத்தில் ‘செதில் பூங்குருவி, அந்துருஎல’ என்று எழுதினான். பெயருக்கு எதிரே வட்டம் போடவில்லை. ஒரு கோடு போட்டான்.

“பார்த்தியா?” என்று திலகசிறி கத்திவிட்டான். “எங்க பார்த்த? எப்ப பார்த்த?”

“பாசிக் கட்டை மேல. ரெண்டு தரம் வாயத் திறந்துச்சு. கடைசியா வாயத் திறந்தப்ப வலது சிறகு கொஞ்சம் தொங்கிச்சு. கத்துனது எனக்குத் தெரியும். நீ விரல தூக்கினது, மிஸ் தலைய ஆட்டுனது, எல்லாம் அதோட சேர்ந்துதான் நடந்துச்சு.” பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டான். “எனக்குக் கேக்கல. ரெண்டு வருஷமா கேக்கல. அது இல்லைன்னு நினைச்சேன். நான் பொய் சொல்லல திலகசிறி. பொறாமைப்பட்டேன், அது வேற. ஆனா பொய் சொல்லல.”

கொட்டகையில் தேத்தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம்கூட நின்றுபோனது. அந்தச் சத்தம் அவனுக்கு நன்றாகவே கேட்கும் என்பதால் அது நின்றதும் தெரிந்தது.

திலகசிறி கால்சட்டையை மடித்தான், மறுபடி இறக்கினான். “நீ வேணும்னு செய்யுறன்னு நினைச்சு உன் தங்கச்சிகிட்ட உன்ன எவ்வளவு ஏசியிருக்கேன் தெரியுமா?” என்றான் கடைசியில். “அத யார் திருப்பித் தாறது?” அதில் மன்னிப்பு இல்லை. ஏசியதெல்லாம் வீணாகிவிட்டதே என்கிற எரிச்சல்தான் இருந்தது.

நோனா தன் நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். “ரெண்டு வருஷம் பூச்சியம்னு எழுதியிருக்கேன் விமலசேன. அந்த ரெண்டு பூச்சியமும் தப்பு” என்றார். அதட்டாமல் சொன்னதுதான் அதிகமாக வலித்தது. “திலகசிறி முன்னால நடக்கட்டும். நீ அவனுக்கு அடுத்தாப்ல வா. இன்னைக்கு நாலு பேர் நின்னோம், பறவையப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான்.”

விமலசேன வெண்கட்டியை மேசையில் வைத்தான். திலகசிறி அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். ஒரு பேச்சுக்காகவாவது ‘நீயே வச்சுக்க மச்சான்’ என்று சொல்வான் என்று விமலசேன எதிர்பார்த்தான். சொல்லவில்லை. விமலசேனவாக இருந்தாலும் சொல்லியிருக்கமாட்டான்.

மறுநாள் கணக்கெடுப்பு தொடங்கியது. முன்னால் திலகசிறி, அடுத்து விமலசேன, பிறகு இரேஷா, நோனா, அவர் பின்னால் ஆட்கள். பதினொரு வருடமாக முன்னால் எதுவும் இல்லாத பாதையைப் பார்த்து நடந்தவனுக்கு இப்போது மச்சானின் முதுகு தெரிந்தது. அந்த முதுகில் வியர்வை படர்ந்த இடத்தைக்கூட அவனுக்குப் பிடிக்கவில்லை. போதாக்குறைக்குத் திலகசிறி அடிக்கடி நின்று கண்ணை மூடித் தலையைச் சாய்ப்பான். முகத்தில் மெதுவாக ஒரு சிரிப்பு பரவும். பிறகுதான் விரல் எழும். அந்தச் சிரிப்பைத்தான் விமலசேனவால் தாங்க முடியவில்லை. புது பைனாகுலரை விட, பூங்குயில் கூட்டை விட, பெயர் சொல்லிக் கேட்டு வருகிற ஆட்களை விட அந்தச் சிரிப்பு எரிந்தது. அவனுக்கும் ஒரு காலத்தில் அந்த முகம் இருந்திருக்கும். அப்போது அவன் அதைப் பார்க்கவில்லை.

பள்ளத்தில் இறங்கி அதே பாறைக்குப் பக்கத்தில் குந்தினார்கள். இந்தத் தரம் ஓடை வளைவு தெரிகிற இடத்துக்கு எல்லாரும் வந்தார்கள். நோனாவின் படிவத்தில் பறவை ஒரு மூச்சில் எத்தனை தரம் கத்துகிறது என்றும் ஒரு கட்டம் இருந்தது. சாம்பல் வெளிச்சம் வந்ததும் விமலசேன பாசிக் கட்டையைக் கண்ணில் பிடித்தான். பூங்குருவி வந்து நின்றது. கழுத்தை நீட்டியது.

திலகசிறி கண்ணை மூடிக்கொண்டான். சிரிப்பு பரவியது. விமலசேன கண்ணைக்கூட இமைக்காமல் பறவையின் தொண்டையைப் பார்த்தான்.

“மூணு” என்றான் திலகசிறி. “மூணு தரம். எழுதுங்க நோனா.”

“நாலு” என்றான் விமலசேன.

திலகசிறி கண்ணைத் திறந்தான். “என்ன மச்சான், காது திரும்பி வந்துருச்சா?” பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

“காது வரல. தொண்டை நாலு தரம் நடுங்கிச்சு. ஒவ்வொரு தரமும் கழுத்த இன்னும் கொஞ்சம் மேல தூக்கிச்சு. நாலாவதுக்குத்தான் ரொம்பத் தூக்கிச்சு. நீ கடைசிய விட்டுட்ட.”

“கேக்காதவன் வந்து எனக்கு எண்ணிக் காட்டறான்!” திலகசிறி இரேஷா பக்கம் திரும்பினான். “மிஸ், நீங்க சொல்லுங்க. மூணுதானே?”

இரேஷா விமலசேனவைப் பார்த்தாள், பிறகு திலகசிறியைப் பார்த்தாள். அவள் கண்ணில் தெரிந்தது இரக்கம். சோமலதா சம்பலைத் தட்டில் போட்டபோது அவள் கண்ணில் இருந்ததும் இதுதான் என்று விமலசேனவுக்கு அப்போதுதான் பிடிபட்டது.

“நாலு, அங்கிள்” என்றாள். “கடைசி சத்தம் கொஞ்சம் மேல போச்சு.”

திலகசிறியின் முகத்திலிருந்து சிரிப்பு இறங்கியது. அவன் காதை ஓடைப் பக்கம் திருப்பினான். உள்ளங்கையைக் காதுக்குப் பின்னால் குவித்து வைத்தான். பறவை மறுபடி கழுத்தை நீட்டியது. “ஒண்ணு” என்று அவன் உதடு அசைந்தது. “ரெண்டு. மூணு.” அதற்குப் பிறகு உதடு திறந்தபடியே நின்றது.

விமலசேனவுக்கு நெஞ்சுக்குள் இனித்தது. சொல்ல வெட்கக்கேடு; ஆனால் இரண்டு வருடத்தில் அவ்வளவு இனிப்பு அவன் அறிந்ததில்லை. கட்டையில் பறவையின் தொண்டை நாலாம் தரம் நடுங்கியது. அவன் தொலைநோக்கியை இறக்காமல், மச்சானின் முழங்காலில் விரலால் ஒரு தட்டுத் தட்டினான், நாலாவதுக்கு.